ஒரு மவுஸ், இரண்டு அம்புக்குறி

2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கிறதா? கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு தப்பான அப்டேட், உலகம் முழுக்கச் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத்திரையில் நிறுத்தியது. இந்தியாவில் சில விமான நிலையங்களில் கையால் போர்டிங் பாஸ் எழுதிக் கொடுத்தார்கள். சரிசெய்யும் வழி என்னவோ சின்னதுதான்: சேஃப் மோடுக்குப் போய் ஒரு கோப்பை அழிக்க வேண்டும். ஆனால் விண்டோஸே எழுந்திருக்காத கணினிக்குள் ரிமோட் டெஸ்க்டாப் எப்படி நுழையும்? யாராவது நேரில் போக வேண்டும். இல்லையென்றால், அந்தக் கணினியில் முன்பே ஒரு பெட்டி மாட்டியிருக்க வேண்டும்.

அந்தப் பெட்டிதான் ஐ.பி. கே.வி.எம். கீபோர்டு, வீடியோ, மவுஸ் மூன்றின் முதலெழுத்து. மானிட்டருக்குப் போகும் படத்தை வாங்கி நெட்வொர்க் வழியாக அனுப்பும். கணினியிடம் தன்னை ஒரு சாதாரண கீபோர்டு, மவுஸ் மாதிரி காட்டிக்கொள்ளும். விண்டோஸ் செத்தாலும் பயாஸ் திரை வரை தெரியும். பழைய பெட்டிகளில் வி.ஜி.ஏ., ராஸ்பெர்ரி பை வைத்துச் செய்யும் பைகேவிஎம் போன்றவற்றில் எச்.டி.எம்.ஐ.

இதை மாட்டியவர்கள் முதலில் திட்டுவது மவுஸைத்தான். திரையில் இரண்டு அம்புக்குறி! ஒன்று இங்கே இருப்பவருடையது, மற்றொன்று அங்கே இருக்கும் கணினியுடையது. ஒன்று 'கேன்சல்' மேல் நிற்க, மற்றொன்று 'ஓகே' மேல் நிற்கும். சர்வரில் இது விளையாட்டு இல்லை.

காரணம் எளிது. சாதாரண மவுஸுக்குத் தான் திரையில் எங்கே இருக்கிறோம் என்பதே தெரியாது. "வலது பக்கம் 5, கீழே 3" என்று நகர்வை மட்டும் சொல்லும். வேகமாக நகர்த்தினால் விண்டோஸ் அந்த 5-ஐப் பெருக்கிவிடும். "ரெண்டு தெரு தள்ளி நிறுத்துங்க" என்றால், அவசரத்தில் நாலு தெரு தாண்டி நிறுத்தும் ஆட்டோக்காரர் மாதிரி. அதனால் மவுஸ் அமைப்பில் துல்லியத்தைக் கூட்டுவதாகச் சொல்லும் டிக்கை எடுத்துவிட்டு, வேகத்தை 11 படிகளில் நடுவில் இருக்கும் ஆறாவதில் வைக்க வேண்டும். கவனம், இதை மாற்ற வேண்டியது அங்கே இருக்கும் கணினியில்! (லாகின் திரை இந்த அமைப்பை மதிக்காது, அதற்கென்று தனி டீஃபால்ட் உண்டு. அங்கே மட்டும் மவுஸ் மறுபடி ஓடினால் பதற வேண்டாம்.)

இதைவிட நல்ல வழி, பெட்டியில் 'அப்சல்யூட்' முறையைத் தேர்ந்தெடுப்பது. அது டச் ஸ்கிரீன் மாதிரி இடத்தையே நேராகச் சொல்லிவிடும். ஆனால் சில பயாஸ்களுக்கு அந்தப் பாஷை புரியாது, அங்கே பழைய 'ரிலேட்டிவ்' முறைதான்.

அப்சல்யூட் போட்டும் கிளிக் விரல் அகலம் தள்ளி விழுகிறதா? இப்போது குற்றவாளி மவுஸ் இல்லை, படம். வி.ஜி.ஏ.யில் படம் எங்கே தொடங்குகிறது என்பதைப் பெட்டி ஊகித்துத்தான் தெரிந்துகொள்கிறது. ஊகம் 8 பிக்சல் தவறினால் கிளிக்கும் 8 பிக்சல் தவறும். இதற்கு 'ஆட்டோ அட்ஜஸ்ட்' உண்டு. அதைக் கறுப்புத் திரையில் அழுத்தினால் பாவம், ஓரம் எது என்று அதற்கே தெரியாது. வெளிச்சமான முழுத்திரை இருக்கும்போது அழுத்த வேண்டும்.

'ஃபேஸ்' சரியில்லாவிட்டால் எழுத்துகள் மினுமினுக்கும். அழகு மட்டும் பிரச்சினை இல்லை. 1024 x 768 திரை, 24 பிட் நிறம், நொடிக்கு 60 முறை: பெருக்கினால் நொடிக்கு 113 கோடி பிட்! அவ்வளவையும் அனுப்ப முடியாது என்பதால் மாறிய பகுதியை மட்டும் அனுப்புகிறது பெட்டி. மினுமினுப்பையும் அது மாற்றம் என்று எண்ணி அனுப்பிக்கொண்டே இருக்கும், மவுஸ் நத்தையாகிவிடும். நாய்ஸ் அளவைக் கொஞ்சம் உயர்த்தலாம். ரொம்ப உயர்த்தினால் நிஜ மாற்றத்தையே விழுங்கிவிடும். வால்பேப்பரில் நடிகர் படத்தை எடுத்துவிட்டு ஒரே நிறம் வைப்பது இலவச வைத்தியம்.

எச்.டி.எம்.ஐ.யில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் கணினி அந்தப் பெட்டியை இரண்டாவது மானிட்டராக நினைத்துவிட்டால் அம்புக்குறி வேறெங்கோ சுற்றப்போய்விடும். இரண்டு திரையிலும் ஒரே படம் வரும்படி வைத்துவிட்டால் தீர்ந்தது.

பெரும்பாலானோர் டெஸ்க்டாப்பில் எல்லாம் சரியாக வந்ததும் எழுந்து போய்விடுகிறார்கள். விபத்து நாளில் வரப்போவது டெஸ்க்டாப் இல்லையே! பழைய பயாஸ் எழுத்துத் திரை 720 x 400, சேஃப் மோடு இன்னொரு அளவு. கணக்குப் புத்தகத்தில் பெட்டியின் விலை சொத்தாக ஏறிவிடும். அந்தத் திரைகளைச் சோதிக்கும் ஒரு மணி நேரத்துக்கு எந்தக் கணக்கும் கிடையாது. ஆனால் அன்றைக்கு உதவப்போவது அந்த ஒரு மணி நேரம்தான். வேலையில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை ரீஸ்டார்ட் செய்து, பயாஸ், சேஃப் மோடு, லாகின் மூன்றிலும் மவுஸை ஓட்டிப் பார்த்துவிடலாம். டேப், எண்டர் வைத்தே போகும் வழியும் பழகிக்கொள்ளலாம்.

பிட்லாக்கர் போட்ட கணினி என்றால் 48 இலக்க மீட்பு எண்ணையும் கேட்கலாம். அதை அடிக்க மவுஸே வேண்டாம். அந்த எண்ணைச் சேமித்த கோப்பு மட்டும் அதே செத்த சர்வருக்குள் இருந்துவிடக் கூடாது :-)