ஐந்தாம் பாகம்

திருவாலங்காட்டுக் கோயிலுக்கு எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். சிறு வயதில் எனக்கு அது நடராஜர் ஆடிய ரத்தின சபை, காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து வந்து சேர்ந்த ஊர். அவ்வளவுதான் தெரியும். 1905இல் அங்கே ராஜேந்திர சோழன் காலத்துச் செப்பேடு கிடைத்தது, 31 ஏடுகள், பக்கத்துப் பழையனூரைக் கோயிலுக்குக் கொடுத்த சாசனம் என்பதையெல்லாம் கும்மிடிப்பூண்டியில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துதான் கேட்டேன். சொன்னவர் என்னோடு கம்பி மில்லில் வேலை பார்த்த அண்ணன். எட்டாவது வரை படித்தவர்.

1986இல் ஐ.டி.ஐ. முடித்த கையோடு சிப்காட்டில் அந்த மில்லில் சேர்ந்தேன். மீஞ்சூரில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். உலையிலிருந்து சிவக்கக் காய்ந்து வரும் இரும்பை இடுக்கியால் பிடித்து அடுத்த உருளைக்குள் திணிக்க வேண்டும். ஒரு நொடி பிந்தினால் கம்பி பாம்பு மாதிரி சுருண்டு காலைச் சுற்றும். எனக்கு இடுக்கி பிடிக்கக் கற்றுக் கொடுத்தவர் அந்த அண்ணன்தான். ரயிலில் சும்மா தூங்கிக்கொண்டு வருகிறேனே என்று 'பொன்னியின் செல்வன்' முதல் பாகத்தைக் கொடுத்தவரும் அவர்தான்.

கடையில் வாங்கிய புத்தகம் இல்லை அது. அவருடைய அப்பா ரயில்வேயில் இருந்தவர். 1950 அக்டோபரில் கல்கி பத்திரிகையில் தொடர் ஆரம்பித்ததிலிருந்து 1954 மே மாதம் முடியும்வரை வாராவாரம் வாங்கி, பக்கங்களைப் பிரித்து, நூலால் தைத்து, காலிகோ போட்டு ஐந்து பாகமாக பைண்டு செய்து வைத்திருந்தார். மணியம் வரைந்த படங்கள் அப்படியே இருக்கும். ஓரங்களில் பென்சிலால் எழுதிய பால் கணக்கும் இருக்கும். "மெதுவா படிச்சிட்டுக் குடு தம்பி, அவசரம் இல்ல" என்றார்.

ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக் கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருகிறானே, அன்றைக்கு நான் இறங்க வேண்டிய மீஞ்சூரைத் தாண்டி எண்ணூர் வரை போய்விட்டேன். வயது இருபத்திரண்டு. வந்தியத்தேவன் எங்கே ஒளிகிறான், யாரிடம் மாட்டுகிறான் என்பது மட்டும்தான் எனக்குக் கதை. குந்தவை பேசும் அரசியல், பழுவேட்டரையர் கணக்கு இதையெல்லாம் தாண்டித் தாண்டிப் போனேன். இன்றைக்கு அறுபது கடந்து மறுபடி படிக்கும்போது கண் நிற்கிற இடமே வேறு. கால் விளங்காமல் தஞ்சை அரண்மனையில் படுத்திருக்கும் சுந்தர சோழர், ஒரு மகன் காஞ்சியிலும் ஒரு மகன் ஈழத்திலுமாக இருக்க, இருவரையும் ஒருசேரப் பார்க்க முடியாமல் தவிக்கிறாரே, அந்த இடத்தில் மூடி வைத்துவிடுகிறேன். எழுத்து மாறவில்லை. நான்தான் அங்கே போய்ச் சேர முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

நாலாம் பாகம் வரை ஐந்து வருஷத்தில் இரண்டு முறை படித்தேன். ஐந்தாம் பாகத்தை மட்டும் அவர் வீட்டில் யாரோ உறவுக்காரர் எடுத்துப் போயிருந்தார். 1991இல் எங்கள் பிரிவு ஃபோர்மேன் ஓய்வு பெற்றார். அந்த இடம் அண்ணனுக்குத்தான் என்று மொத்த ஷிப்டும் நினைத்தது. என்னைவிடப் பன்னிரண்டு வருஷம் மூத்தவர். சத்தத்தை வைத்தே உருளை தேய்ந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவார். ஆனால் சர்ட்டிபிகேட் என்னிடம் இருந்தது. ஆபீஸில் கூப்பிட்டுக் கேட்டார்கள். தங்கை கல்யாணக் கடன் கழுத்தில் இருந்தது. சரி என்றேன். அவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மறுநாள் காலை ஷிப்டுக்கு வந்தவர் கையில் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம். "அஞ்சாவது கேட்டியே தம்பி, வந்துடுச்சு" என்று நீட்டினார். அதில் குத்தல் எதுவும் இல்லை. கிடைத்ததும் தருகிறேன் என்றிருந்தார், தந்தார். அந்தப் பாகத்தின் பெயர் 'தியாக சிகரம்'.

தொண்ணூற்றொரு அத்தியாயம். மற்ற எந்தப் பாகமும் அறுபதைத் தொடவில்லை. கடைசிப் பாகம் இழுவை என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆதித்த கரிகாலன் இறந்த பிறகு மக்கள் அவன் தம்பி அருள்மொழியை ஆளச் சொன்னார்கள், சித்தப்பாவுக்கு ஆசை இருப்பதை அறிந்து அவன் மறுத்துவிட்டான் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு சில வரிகளில் முடித்துவிடுகிறது. மகன் காலத்தில் அப்பாவைப் பற்றிப் பொறித்த புகழுரை. வரலாறு எழுதுபவர்கள் அதை வேறு மாதிரியும் படிப்பார்கள். கல்கி அந்தச் சில வரியை எடுத்துக்கொண்டு, அதை மனிதன் செய்யக்கூடிய காரியமாகக் காட்ட மூன்றரை வருஷம் எழுதினார். யாரும் கொடுக்காததை வேண்டாம் என்று சொல்வது பெரிதில்லை. ஊரே அவன் பெயரைச் சொல்லிக் கூவுகிறது, கிரீடம் முன்னால் வந்துவிட்டது, கைக்கு எட்டியும் விட்டது. அந்தக் கையால் எடுத்துச் சித்தப்பாவின் தலையில் வைக்கிறான். கடைசி நிமிஷம் வரை மனதில் இருப்பதைப் பெரும்பாலோருக்குச் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் தடுத்திருப்பார்கள்.

கவரைப்பேட்டை தாண்டி வண்டி போய்க்கொண்டிருந்தபோது அந்தப் பக்கத்தைப் படித்தேன். அதற்கு மேல் ஓடவில்லை. அன்றைக்கு வேலையில் அண்ணன் முகத்தைப் பார்த்துப் பேச என்னால் முடியவில்லை. ஆனால் பதவியை விட்டுவிட்டேனா என்றால் இல்லை. கடன் இருந்தது, சம்பளம் வேண்டியிருந்தது. புத்தகம் படித்து உடனே திருந்திவிட்டேன் என்று எழுதினால் அது பொய்.

பல வருஷம் கழித்து, அவர் ஓய்வு பெற்ற அன்று, பொன்னேரி வரை ரயிலில் கூடவே போனேன். அப்போதுதான் கேட்டேன், மனசில் ஒன்றுமில்லையா என்று. வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்: "எனக்கும் ஆசை இருந்துச்சு தம்பி. இல்லன்னா பொய் ஆயிடும். உன் மேல கோவமும் இருந்துச்சு. ஆனா எட்டு மணி நேரம் நெருப்புக்கு முன்னாடி ஒண்ணா நிக்கணுமே."

நான் ஓய்வு பெறும்போது ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொன்னார்கள். வேண்டாம் என்றேன். ஒடிசாவிலிருந்து வந்து பதினைந்து வருஷம் இடுக்கி பிடித்தவர் ஒருவர் இருந்தார், அவருக்கும் சர்ட்டிபிகேட் கிடையாது. அவரைப் போடுங்கள் என்று மூன்று முறை ஆபீஸ் படி ஏறினேன். மூன்றாம் முறை சரி என்றார்கள்.

அண்ணன் போன பிறகு அவர் மகன் ஐந்து பாகத்தையும் என் வீட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். 2022இல் படம் பார்த்துவிட்டு வந்த பேத்தி அதை எடுத்துப் படிக்க ஆரம்பித்தாள். போன மாதம் ஐந்தாம் பாகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். முடிசூட்டு விழாப் பக்கத்தின் ஓரத்தில் துருநிறத்தில் ஒரு கட்டைவிரல் தடம். மற்ற பக்கங்களில் இருப்பதுபோல் லேசாக இல்லை, வெகுநேரம் அழுத்திப் பிடித்த மாதிரி ஆழமாகப் பதிந்திருந்தது. "இது உங்க விரலா தாத்தா?" என்றாள்.

என் விரலை அதன் மேல் வைத்துப் பார்த்தேன். தடம் என் விரலைவிட அகலம்.