வதந்தியும் போலீசும்

போலீஸ் உத்தியோகஸ்தர்களைப் பற்றி ஜனங்களுக்குள்ள ஞாபகம் விசித்திரமானது. ஒருவர் முப்பத்தாறு வருஷம் காக்கிச் சட்டை போட்டு உழைத்திருப்பார். ஊர் அவருடைய ஒரே ஒரு நாளைத்தான் நினைவில் வைத்துக்கொள்ளும். அதுவும் அநேகமாகத் துப்பாக்கி வெடித்த நாளாக இருக்கும்.

சைலேந்திர பாபு விஷயத்தில் அப்படித்தான் ஆயிற்று. குமரி மாவட்டத்துக்காரர், விவசாயப் படிப்புப் படித்தவர், 1987-ல் ஐ.பி.எஸ். ஆனார். 2010-ல் கோயம்புத்தூருக்கு அவர்தான் போலீஸ் கமிஷனர். அந்த அக்டோபரில், பள்ளிக்கூடம் புறப்பட்ட ஒரு சிறுமியையும் அவள் தம்பியையும் கடத்திக் கொன்றுவிட்டார்கள். பிடிபட்ட இருவரில் ஒருவன், நவம்பரில் காவலில் இருக்கும்போதே போலீஸ் குண்டுக்குப் பலியானான். அவன் தப்பப் பார்த்துச் சுட்டான், நாங்கள் திருப்பிச் சுட்டோம் என்றது போலீஸ். கோவையில் பட்டாசு வெடித்தார்கள், மிட்டாய் கொடுத்தார்கள். ஐம்பது கிலோமீட்டர் தள்ளி, எங்கள் திருப்பூர் டீக்கடையிலும் அதே குதூகலந்தான்.

பெற்றவர்களின் வயிற்றெரிச்சல் எனக்குப் புரிந்தது. பட்டாசுதான் புரியவில்லை. மற்றவனுக்கு 2012-ல் கோர்ட்டார் முறைப்படி விசாரித்து மரண தண்டனை விதித்தார்கள். அன்றைக்கு அந்த டீக்கடையில் அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை!

போகட்டும். கடலோரக் காவல், ரயில்வே போலீஸ் என்று பல பதவிகளைப் பார்த்துவிட்டு, 2021-ல் அவர் தமிழ்நாட்டு டி.ஜி.பி. ஆனார். எனக்கு ஞாபகம் இருக்கும் நாள் அதற்கும் பின்னால் வருவது.

திருப்பூரைப் பார்க்காத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே பனியன் கம்பெனி எதில் நுழைந்தாலும், கட்டிங் மேஜையிலிருந்து அயர்னிங் வரைக்கும் பீகார், ஒரிஸ்ஸாப் பையன்களைப் பார்க்கலாம். 2023 மார்ச் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் வடநாட்டுத் தொழிலாளரை அடித்துக் கொல்கிறார்கள் என்று செல்போனுக்குச் செல்போன் வீடியோ பறந்தது. பீகார் சட்டசபையில் ஒரே அமளி. சின்னதாகக் கம்பெனி வைத்திருக்கும் என் நண்பர் ஒருவர் வந்து உட்கார்ந்தார்.

"ஓவர்லாக் அடிக்கற பசங்க நாலு பேரும் மூட்டை கட்டீட்டானுங்க. கேட்டா, ஹோலிக்குப் போறோம்ங்கறாங்க. மூஞ்சியில ஹோலியைக் காணோமுங்களே!"

லத்தியை இந்த ஊர் நன்றாக அறியும். 1932-ல் கொடி பிடித்துப் போன குமரனின் மண்டை பிளந்தது இந்த வீதியில்தான். ஆனால் வதந்தியை எந்த லத்தியால் அடிப்பது? கூட்டமாக வந்தால் கலைக்கலாம். அது ஒவ்வொருவன் சட்டைப் பையிலும் அல்லவா உட்கார்ந்திருக்கிறது!

டி.ஜி.பி. வீடியோவிலேயே வந்து பேசினார். பொய் என்று மட்டும் சொல்லியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். சர்க்கார் எப்போதுமே அப்படித்தான் சொல்லும். அவர் விவரம் சொன்னார். பரவிய படங்களில் ஒன்று, பீகார்த் தொழிலாளர்களே இரண்டு கட்சியாகப் பிரிந்து போட்ட சண்டை. இன்னொன்று, கோயம்புத்தூரில் உள்ளூர்க்காரர் இருவர் அடித்துக்கொண்டது. இரண்டும் முன்னமே நடந்தவை என்றார். பிறகு அதிகாரிகள் கம்பெனி கம்பெனியாகப் போய்த் தொழிலாளரிடம் பேசினார்கள். உதவி கேட்கப் போன் நம்பர் கொடுத்தார்கள். பீகாரிலிருந்தும் ஒரு குழு திருப்பூருக்கே வந்து, தொழிலாளரை நேரில் கண்டு விசாரித்தது. பொய்யைப் பரப்பியவர்கள்மேல் வழக்குப் பதிவாயிற்று.

ஒரு தோட்டாவும் செலவாகவில்லை. பட்டாசும் வெடிக்கவில்லை. நடக்காமல் போன கலவரத்துக்கு யார் மிட்டாய் கொடுப்பார்கள்?

அவர் அந்த ஜூன் 30-ந் தேதி ஓய்வு பெற்றார். அந்தச் சமயத்தில் நண்பரை மறுபடி சந்தித்தேன். பையன்களில் மூன்று பேர் வந்துவிட்டார்களாம்.

"நாலாவது ஆள்?" என்றேன்.

"அவனுக்குக் கலியாணமாயிருச்சுங்க. சம்சாரத்தையும் கூட்டீட்டு வர்றானாம். வீடு பாத்து வைக்கச் சொல்றான். அட்வான்ஸுக்கு நான் எங்கீங்க போறது?"