மாடியில் ஒரு பீட் கடை

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எந்த வீட்டில் தறி ஓடுகிறது என்பதைத் தெருவில் நின்றாலே காது சொல்லிவிடும். நண்பர் அடையாளம் சொல்லி அனுப்பிய வீட்டிலும் ஓடிக்கொண்டிருந்தது. குழித்தறியில் காலை இறக்கி உட்கார்ந்திருந்த பெரியவர், கைவேலையை நிறுத்தாமலே கண்ணால் மாடிப்படியைக் காட்டினார். "பையன் மேல இருக்கான். கூப்பிட்டா காதுல விழாது. நீங்களே ஏறிப் போங்க."

பட்டுச் சேலையைப் பற்றி எழுதத்தான் நாம் காஞ்சிக்குப் போனது. நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் வேலை பார்க்கும் அந்த நண்பர் பேச்சுவாக்கில், "அவரு பையன் ராப் பாட்டுக்கு மியூசிக் போட்டு ஆன்லைன்ல விக்கிறான்" என்று சொன்னார். சேலை அன்றோடு பின்னுக்குப் போனது.

மேலே பத்துக்குப் பத்து அறை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஒரு லேப்டாப், 25 கட்டை உள்ள சின்ன மிடி கீபோர்டு, காதை முழுதாக மூடும் ஹெட்ஃபோன். இளைஞருக்கு 24 வயது. பெயர் போட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். "பொண்ணு பாக்குறாங்க சார். என்ன வேலைன்னு கேட்டா, அம்மா இன்னும் 'கம்ப்யூட்டர்'னுதான் சொல்றாங்க."

அவர் விற்பது பாட்டை அல்ல. பாட்டுக்கு முந்தைய சரக்கை. டிரம், பேஸ், மனத்தில் ஒட்டும் ஒரு மெட்டுத் துணுக்கு. இவை சேர்ந்து இரண்டரை நிமிடமோ மூன்று நிமிடமோ ஓடும். நடுவே குரலுக்கு இடம் விட்டிருக்கும். அதுதான் பீட். எங்கோ இருக்கும் ஒரு ராப் பாடகர் அதைக் காசு கொடுத்து இறக்கி, மேலே தன் வரிகளைப் பாடிக்கொள்வார்.

வாங்க வருபவர்கள் இவர் பெயரைத் தேடி வருவதில்லை. யூடியூபில் பிரபலமான ஒரு பாடகரின் பெயரைப் போட்டு, பக்கத்தில் 'டைப் பீட்' என்று தட்டித் தேடுகிறார்கள். "காந்தி ரோட்டுக் கடையில வந்து, அந்த நடிகை கல்யாணத்துல கட்டுன மாதிரி சேலை காட்டுங்கன்னு கேப்பாங்களே, அதே கதைதான்" என்றார். தேடி வந்தவர் ஓசியில் தூக்கிப் போகாமலிருக்க, பீட்டுக்குள் இருபது விநாடிக்கு ஒருமுறை இவருடைய புனைபெயரை ஒரு பெண் குரல் சொல்லும். 'டேக்' என்கிறார்கள். காசு கொடுத்தவருக்கு டேக் நீக்கிய கோப்பு போகும்.

திரையில் எஃப்எல் ஸ்டூடியோ என்ற இசை மென்பொருள் திறந்திருந்தது. டிரம்முக்கு ஒரு வரிசை, வரிசைக்குப் பதினாறு கட்டம். சீக்வென்சர் என்கிறார்கள். நிரப்பிய கட்டத்தில் அடி விழும், காலிக் கட்டத்தில் விழாது. கீழே தறியின் தலைமேல் தொங்கும் ஜக்கார்டு அட்டையும் இதே கணக்குதான். துளை இருந்தால் பாவு நூல் மேலே எழும்பும், இல்லாவிட்டால் படுத்திருக்கும். 1804-ல் பிரான்சின் லியோன் நகரத்து ஜக்கார்டு கண்டுபிடித்த அந்த ஏற்பாட்டை அப்பாவிடம் பார்த்து வளர்ந்ததால், சீக்வென்சர் ஒரே நாளில் பிடிபட்டது என்றார்.

தறிச் சத்தத்தையே பதிவு செய்து பீட் போட்டால் என்ன என்று கேட்டோம். சிரித்தார். "வர்றவங்க எல்லாரும் கேக்குற மொதக் கேள்வி இதுதான். ரெண்டு போட்டேன். ரெண்டும் விக்கல."

அடுத்து ஈக்யூ, கம்ப்ரஷன், மாஸ்டரிங் என்று அரை மணி நேரம் விளக்கினார். நம் காதுக்கு எட்டியது, சத்தம் கொஞ்சம் கூடியிருக்கிறது என்பது மட்டும்.

புரிந்தது வியாபாரம்தான். பீட்டில் இரண்டு விதமான விற்பனை உண்டு. ஒன்று லீஸ். ஒரே பீட்டைப் பத்துப் பேருக்கும் கொடுக்கலாம். விலை குறைவு, இத்தனை ஆண்டு, இத்தனை முறை ஓடும்வரை என்று வரம்பும் இருக்கும். இன்னொன்று எக்ஸ்க்ளூசிவ். ஒருவருக்குக் கொடுத்த பிறகு வேறு யாருக்கும் விற்கக் கூடாது, விலை பல மடங்கு. ஒரே டிசைனைப் பத்து வீட்டுத் தறியில் ஓட்டுவதற்கும், ஒரு முகூர்த்தச் சேலைக்கென்றே டிசைன் போட்டு ஒரே தறியில் நெய்து முடிப்பதற்கும் உள்ள வித்தியாசம்.

இவருடைய லீஸ் விலை இரண்டாயிரம் ரூபாயில் தொடங்குகிறது. டிரம், பேஸ் என்று தனித்தனித் தடமாக வேண்டுமென்றால் கூடும். மாதம் எத்தனை விற்கும் என்பதை மட்டும் கடைசிவரை சொல்லவில்லை.

இந்தக் கடைக்காரர்களுக்கெல்லாம் ஒரு புராணக் கதை உண்டு. நெதர்லாந்தைச் சேர்ந்த யங்கியோ என்ற பதின்பருவப் பையன், பீட்ஸ்டார்ஸ் தளத்தில் ஒரு பீட்டை ஏற்றி வைத்தார். அமெரிக்காவில் அப்போது யாருக்கும் தெரியாத லில் நாஸ் எக்ஸ் அதை 30 டாலருக்கு லீஸ் எடுத்துப் பாடினார். அதுதான் 'ஓல்ட் டவுன் ரோட்'. 2019-ல் பில்போர்டு பட்டியலில் 19 வாரம் முதலிடத்தை விட்டு இறங்கவில்லை. டிசைனர் என்ற ராப் பாடகரின் 'பாண்டா' பாட்டும் இப்படித்தான். இங்கிலாந்தின் மான்செஸ்டரில் இருந்த மெனஸ் என்ற தயாரிப்பாளரிடம் 200 டாலருக்கு வாங்கிய பீட், 2016-ல் அதே பட்டியலின் உச்சிக்குப் போனது.

முதல் கதையின் பின்பாதியை நம் இளைஞர் இன்னும் அழுத்திச் சொன்னார். யங்கியோ அந்த பீட்டுக்கு, நைன் இன்ச் நெய்ல்ஸ் குழு 2008-ல் வெளியிட்ட ஓர் இசைத்துண்டை வெட்டிப் பயன்படுத்தியிருந்தார். பாட்டு பெரிதானதும் முறைப்படி அனுமதி வாங்க வேண்டியிருந்தது. அந்தக் குழுவின் ட்ரென்ட் ரெஸ்னருக்கும் அட்டிகஸ் ராஸுக்கும் பாட்டில் பங்கு போனது. "இளையராஜா பாட்டுல ஒரு துண்டு வெட்டிப் போடுங்கன்னு வாரத்துக்கு ரெண்டு பேர் கேக்குறாங்க. முடியாதுன்னுடுவேன். பாட்டு ஓடலைன்னா ஒண்ணுமில்ல. ஓடிச்சுன்னாத்தான் ஆபத்து."

அதனால் காசு கொடுத்து வாங்கிய சாம்பிள் தொகுப்புகளைத்தான் பயன்படுத்துகிறார். அதிகம் விற்ற பீட்டை ஓடவிட்டார். உள்ளே கஞ்சிரா. அதுவும் ஒரு வெளிநாட்டு நிறுவனம் விற்கும் தொகுப்பிலிருந்து எடுத்தது. லய வித்தைக்குப் பேர்போன பாடகர் நாயனா பிள்ளை (1889–1934) வாழ்ந்த ஊர் இது. மிருதங்கம், கஞ்சிரா, கடம் என்று தாள வாத்தியக்காரர்களை வரிசையாக உட்கார வைத்து 'ஃபுல் பெஞ்ச்' கச்சேரி செய்தவர். அந்தப் பெயரை இளைஞர் கேள்விப்பட்டதில்லை. குறித்துக்கொண்டார்.

தமிழ் ராப்புக்கு இன்று சந்தை உண்டென்றால் அதற்குப் பல ஆண்டு உழைப்பு பின்னால் நிற்கிறது. மலேசியாவில் யோகி பி – நட்சத்ரா 2006-ல் 'வல்லவன்' ஆல்பத்தைக் கொண்டுவந்தார்கள். இங்கே ஹிப்ஹாப் தமிழா 2012-ல் 'ஹிப்ஹாப் தமிழன்' வெளியிட்டது. கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழுவின் மேடையிலிருந்து ராப் பாடகர் அறிவு வந்தார். கனடாவின் டொரண்டோவில் யாஞ்சன் என்ற தயாரிப்பாளர் மிருதங்கம் வாசிக்க, ஷான் வின்சென்ட் டி பால் அதற்கு மேல் ராப் பாடினார். இளைஞரிடம் வாங்குபவர்களிலும் பாதிப் பேர் கடல் கடந்த தமிழர்கள். பணம் பேபால் வழியாக வருகிறது. உள்ளூர்க்காரர்கள் யுபிஐ.

உள்ளூர்க்காரர்களில் ஒருவர்தான் அவரை ஒன்றரை ஆண்டு தூங்கவிடாமல் செய்தவர். லீஸுக்கு வாங்கிய பீட்டில் பாடி, அந்தப் பாட்டை யூடியூபின் கன்டென்ட் ஐடியில் பதிவு செய்துவிட்டார். கன்டென்ட் ஐடிக்கு லீஸ் தெரியாது. ஒலி ஒன்றாக இருந்தால் போதும், பதிவு செய்தவருக்கே சொந்தம் என்று கொள்ளும். அதே பீட்டை முறைப்படி வாங்கிய மற்ற பாடகர்களின் வீடியோக்களுக்கெல்லாம் உரிமைக் கோரிக்கை பறந்தது. கடைசியில், பீட்டைப் போட்டவரின் சொந்தச் சேனலுக்கே வந்தது. பத்துத் தறியில் ஓடும் டிசைனை ஒருவர் மட்டும் தன் பெயரில் எழுதிக்கொண்டு, டிசைன் போட்டவர் வீட்டுக்கே ஆள் அனுப்பியது போல.

அன்று அவரிடம் இருந்தது வாட்ஸ்அப் உரையாடல் மட்டும். ஒப்பந்தத் தாள் இல்லை.

இந்தத் தொழிலில் உண்மையான கருவி லேப்டாப் அல்ல, அந்தத் தாள்தான் என்று நமக்கு அப்போதுதான் உறைத்தது. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்கிறது. எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு. எந்த எல்லைக்குள் என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். லீஸ் போன்ற உரிமங்களுக்கும் இது பொருந்தும். 2012 திருத்தம் இன்னும் ஒரு படி மேலே போய், பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் ராயல்டியில் தமக்குரிய பங்கை எழுதிக் கொடுத்துவிட முடியாதபடி செய்தது. இத்தனையும் சட்டத்தில் இருக்கிறது. இருந்தும் "ஃப்ரீயா ஒண்ணு குடு தம்பி, பேர் போடுறோம்" என்று கேட்கிறவர்கள் குறையவில்லை. பேர் போட்டால் மின்கட்டணம் கட்ட முடியுமா? பாவும் ஊடையும் கடன் கொடுத்து, நெய்த சேலையைச் சொன்ன விலைக்கு எடுத்துப்போன இடைத்தரகர்களை இந்தத் தெரு நான்கு தலைமுறையாகப் பார்த்திருக்கிறது. அதே ஆட்கள் இப்போது செயலியாகவும் சேனலாகவும் வருகிறார்கள்.

பிரபலங்களும் தப்பவில்லை. 2021-ல் உலகமே ஆடிய 'எஞ்சாயி எஞ்சாமி' பாட்டால் மூன்று ஆண்டாகத் தங்களுக்கு வருமானம் எதுவும் வரவில்லை என்று, அதன் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் 2024-ல் வெளிப்படையாகவே சொன்னார்.

இளைஞர் இப்போது பீட்டோடு இரண்டு பக்க ஒப்பந்தம் அனுப்புகிறார். எத்தனை ஆண்டு, எந்தெந்த நாடு, கன்டென்ட் ஐடியில் பதிவு செய்யக் கூடாது என்பவை அதில் தடித்த எழுத்தில் இருக்கின்றன. கையெழுத்து வந்த பிறகுதான் கோப்பு போகும். "பாதிப் பேர் அதோட ஓடிடுறாங்க சார். ஓடட்டும்."

கீழே தறி நின்றிருந்தது. பெரியவர் அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தார். சங்கத்தில் உறுப்பினர் என்பதால் தமக்குத் தீபாவளிக்குப் போனஸ் உண்டு, பாஸ்புக்கில் கணக்கு உண்டு என்றார். மகன் தொழிலுக்கும் அப்படி ஒரு சங்கம் இருக்கிறதா என்று நம்மிடம் கேட்டார். இசையமைப்பாளர்களுக்கும் பாடலாசிரியர்களுக்கும் ராயல்டி வசூலித்துக் கொடுக்கும் ஐபிஆர்எஸ் 1969-லிருந்து இருக்கிறது என்று சொன்னோம். "அப்ப அதுல சேரச் சொல்லிட்டுப் போங்க. நான் சொன்னா கேக்க மாட்டான்." திரும்ப மாடியேறிச் சொல்லிவிட்டு வந்தோம்.

ராப் எழுதும் தம்பி தங்கைகள் யாராவது இதைப் படிக்கக்கூடும். பீட்டுக்குக் காசு கொடுங்கள். கையெழுத்திட்ட தாளைக் கேட்டு வாங்குங்கள். பாட்டு வெளியாகும்போது கீழே பீட் போட்டவரின் பெயரை எழுதுங்கள். மூன்றில் ஒன்றுக்குத்தான் செலவு.