வரிசையில் ஓர் இடம்

வாங்குவாரிடம் பொருள் உண்டு; விற்பாரிடம் சரக்கு உண்டு. இவ்விரண்டிற்கும் இடையே ஓர் இரவு முழுதும் தெருவில் நிற்றல் வேண்டும் என்னும் வழக்கம் எங்ஙனம் புகுந்தது? நம் பாட்டன்மார் பங்கீட்டுக் கடை வாயிலில் அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் நின்றனர். அஃது இல்லாமையால் நின்ற நிலை. இக்காலத்துப் பெருநகரங்களில், புதிதாக வெளிப்போந்த கைப்பேசியொன்றை முதல் நாளன்றே கைக்கொள்ளும் பொருட்டு நிற்பாரது நிலை அத்தகையதன்று. அவர்தம் சட்டைப்பையில் நன்கு உழைக்கும் கைப்பேசியொன்று முன்னரே உண்டு; அதனைப் பார்த்துக்கொண்டேதான் அவர் அவ்விரவைக் கழிப்பர்!

இவ்வழக்கம் ஐபோனோடு தோன்றியதன்று. 1995 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 24 ஆம் நாள் விண்டோஸ் 95 என்னும் கணினி மென்பொருள் வெளிவந்த காலையும் நள்ளிரவிலே கடை திறந்து விற்றனர். ஆயினும் உலகமெல்லாம் நின்று நோக்கிய வரிசை, 2007 ஆம் ஆண்டு ஜூன் திங்களில் நியூயார்க் நகரத்து ஐந்தாம் அவென்யூவில் நின்ற வரிசையேயாம். முதல் ஐபோனின் விற்பனை 29 ஆம் நாள் வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்குத் தொடங்குவதாயிருந்தது. கிரெக் பாக்கர் என்னும் ஓய்வுபெற்ற நெடுஞ்சாலைப் பணியாளர் அவ்வாரத்துத் திங்கட்கிழமையன்றே வந்து முதலிடத்தைப் பிடித்துக்கொண்டார். நான்கு இரவுகள் அவர் நடைபாதையிற் கழித்தனர் என்க. பிலடெல்பியா நகரத்துக் கடையொன்றின் முன்னரோ, அந்நகரத்து மேயராகிய ஜான் ஸ்டிரீட் என்பாரே விடியுமுன் வந்து வரிசையில் அமர்ந்துவிட்டார். வழிச்சென்ற இளைஞர் ஒருவர், நகரில் இத்துணைக் கொலைகள் நிகழுங்கால் நீவிர் ஈங்கு அமர்ந்திருத்தல் தகுமோ என்று அவரை நேர்முகமாக வினவினார். வினா தக்கதே. ஆயினும் அம்மேயரைக் குறித்து ஒன்று கூறவேண்டும்: அவர் பின்வாயில் வழியாகப் பெட்டியைத் தம் இல்லத்திற்கு வரவழைத்தாரல்லர், வந்தவர்க்கு வந்த முறையே முறை என்னும் விதிக்குத் தாமும் அடங்கினார்.

அங்ஙனம் நின்று 499 டாலருக்கும் 599 டாலருக்கும் வாங்கியோர் அடைந்த பயன் நெடுநாள் நிலைக்கவில்லை. 68 நாள்களுக்குள், செப்டம்பர் 5 ஆம் நாள், 599 டாலர்க் கருவியின் விலை 399 ஆகக் குறைந்தது. முதல் நாள் வாங்கியோர் முழங்கினர். மறுநாளே நிறுவனத் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் திறந்த மடலொன்று வரைந்து, ஒவ்வொருவர்க்கும் 100 டாலர் கடைப்பற்றாக ஈவதாக அறிவித்தார். உறங்காத இரவுகளுக்கு எவரும் பற்று வைத்திலர்!

இத்துணையும் கேட்ட பின்னரும் மக்கள் நிற்றலை ஒழித்தாரல்லர். 2011 ஆம் ஆண்டில், ஆப்பிள் நிறுவனத்தை நிறுவினாருள் ஒருவராகிய ஸ்டீவ் வாஸ்னியாக் தாமே கலிபோர்னியாவின் லாஸ் காட்டஸ் என்னும் ஊரில் கடைவாயிலில் இரவு காத்திருந்து புதிய கைப்பேசியை வாங்கினர். ஒரு சொற் சொல்லின் அவர் மனைக்கே வந்து சேரும் பொருள் அது. திருவிழாவிற்கு முதல்நாள் இரவே சென்று தேரடியிற் படுத்திருப்பாரைக் கண்டவர்க்கு இதனை விளக்கவேண்டுவதில்லை. பொருளினும் கூட்டமே இனிதாயிற்றுப் போலும்.

விருப்பத்தால் நிற்பார் கதை இஃதாக, கூலிக்கு நிற்பார் கதை வேறு. 2012 ஆம் ஆண்டில் நியூயார்க்கில் வேலையிழந்திருந்த ராபர்ட் சாமுவேல் என்பார், ஐபோன் 5 வெளிவந்த காலை, பிறர்க்காக வரிசையில் நிற்பதாக விளம்பரஞ் செய்து, ஒரே முறையில் 325 டாலர் ஈட்டினார். பின்னர் அதனையே தொழிலாக்கி ஒரு நிறுவனமும் அமைத்தார். அதே ஆண்டு ஜனவரி 13 ஆம் நாள், பீஜிங் நகரத்துச் சான்லிட்டுன் பகுதியில் கடுங்குளிரில் இரவெல்லாம் நின்ற கூட்டத்தின்முன் கடையைத் திறக்காது விட்டனர்; சினந்தோர் கண்ணாடிச் சுவர்மேல் முட்டைகளை வீசினர். அக்கூட்டத்திற் பலர் இடைத்தரகர் திரட்டி நிறுத்திய கூலியாள்கள். அத்தகைய தரகரைச் சீனர் ‘மஞ்சள் மாடு’ என்பர். மாடு யார், மேய்ப்பவன் யார் என்பது எமக்கு இன்னும் ஐயமே!

இனி யாம் கண்ணாற் கண்டதைக் கூறுவோம். 2025 ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், அத்தை மகளின் திருமணத்தை முன்னிட்டு மும்பை சென்று, தாராவியில் அத்தை இல்லத்தில் தங்கியிருந்தோம். திருநெல்வேலிச் சீமையினின்று சென்ற குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் இடம் அது. மீத்தி ஆற்றைக் கடந்து அப்பால் நடப்பின் பாந்திரா குர்லா காம்பிளெக்ஸ். ஓர் ஆறு இருவேறு உலகங்களைப் பிரிப்பதை அங்கே காணலாம். 2023 ஆம் ஆண்டு ஏப்ரல் 18 ஆம் நாள் ஆப்பிள் நிறுவனம் இந்தியாவில் தன் முதற் கடையைத் திறந்தது அப்பகுதியிலேதான். அக்கடையில் ஐபோன் 17 விற்பனை செப்டம்பர் 19 ஆம் நாள் காலை தொடங்குமென்று அறிவித்திருந்தனர்.

எம் அத்தான் தோற்பை தைக்கும் பட்டறையில் நாட்கூலிக்கு உழைப்பவர். கைப்பேசி விற்கும் வணிகர் ஒருவர், அவ்விரவு முழுதும் வரிசையில் ஓரிடம் காத்துக் காலையில் தமக்கு விட்டுக்கொடுத்தால் 2,000 ரூபாய் தருவதாகக் கூறி, அதிற் பாதியை முன்பணமாகவும் ஈந்திருந்தார். திருமணத்திற்குப் பந்தலிட்டவர்க்குத் தரவேண்டிய பாக்கியும் 2,000 ரூபாயே. கணக்கு நேராயிற்று என்று அத்தான் மகிழ்ந்தார். துணையாக யாமும் சென்றோம்.

இரவு 10 மணிக்கு முன்னரே நீண்ட வரிசை அமைந்திருந்தது. மதுரைக் காஞ்சி நாளங்காடியையும் அல்லங்காடியையும் கூறும். அல்லங்காடி இரவில் விற்பது. இதுவோ இரவெல்லாம் அடைத்துக் கிடப்பினும் கூட்டங் குறையாத அங்காடி! வரிசையை ஒழுங்குசெய்ய அவ்வேளையில் அதிகாரி எவரும் இலர். முன்னே நின்ற மாணவர் ஒருவர் தாளொன்றிற் பெயர்களை எழுதி எண்ணிட்டார். அத்தானுக்கு 61. அவர்க்கு அடுத்து, சூரத்திலிருந்து ரயிலேறி வந்த இளைஞர் 62. அவர் ஓராண்டு சேர்த்த பணத்தை வங்கியில் வைத்திருப்பதாகவும், தங்கையின் படிப்பிற்குப் பழைய கைப்பேசியைக் கொடுக்கப்போவதாகவும் கூறினார். 82,900 ரூபாய்ப் பொருளுக்கு ஓராண்டுச் சேமிப்பா என்று எம் மனத்தே ஒரு கசப்பு எழுந்தது. அவர் முகத்தைப் பார்த்தபோது அதனைச் சொல்ல நாவெழவில்லை.

யாம் வரிசையில் எண்ணப்படாதவராய் ஒருபுறம் அமர்ந்தோம். “மாப்பிள்ளை, உறக்கம் வந்தால் சாய்ந்துகொள். கூலி வாங்கினவன் நான்தானே” என்றார் அத்தான். புழுக்கம் மிகுதி, கொசுவும் மிகுதி. தேநீர்க்காரர் ஒருவர் மிதிவண்டியிற் கெண்டியோடு வந்து வந்து போனார். அவ்விரவில் உறுதியாக ஆதாயம் அடைந்தவர் அவர் ஒருவரே என்பது எம் கருத்து. அத்தான் எழுந்து செல்ல நேர்ந்தபோதெல்லாம் சூரத்து இளைஞர் எங்கள் துணிப்பையைத் தம் காலருகே இழுத்து வைத்து இடங்காத்தார். அவர் ஒரு மணிநேரம் கண்ணயர்ந்தபோது அத்தான் அவர் பையைக் காத்தார். பெயர் கேட்டுக்கொள்ளாமலே இருவரும் இதனைச் செய்தனர்.

ஊர் திரும்பிய பின்னர் நூலகத்தில் இப்பொருள் பற்றித் தேடினோம். மெல்போர்ன் நகரத்தில் கால்பந்து இறுதியாட்டச் சீட்டுக்காக இரவெல்லாம் நின்றாரை ஆராய்ந்து லியான் மான் என்பார் 1969 இல் ஒரு கட்டுரை வரைந்துள்ளார். பெட்டியையும் போர்வையையும் தமக்கு ஈடாக வைத்துச் சிறிதுபோழ்து நீங்குதலும், அதனை ஏனையோர் மதித்தலும் அங்கும் உண்டாம். ஸ்டான்லி மில்கிராம் என்னும் உளநூலறிஞரும் அவர்தம் குழுவினரும் நியூயார்க்கில் 129 வரிசைகளில் ஆள்களை வேண்டுமென்றே இடையிற் புகுத்திச் சோதித்து, 1986 இல் முடிபுகளை வெளியிட்டனர். ஒருவர் புகுந்தபோது ஏறத்தாழப் பாதி வரிசைகளில் எதிர்ப்பு எழுந்தது; இருவர் புகுந்தபோது பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவற்றில் எழுந்தது. பெரும்பாலும் எதிர்த்தோர் பின்னே நின்றவரே. ஒருவரையாயின் மனிதர் ஒருவாறு பொறுப்பர் போலும். இதனைப் படித்தபோது பெதஸ்தா குளத்தங்கரையில் முப்பத்தெட்டாண்டு பிணிகொண்டு கிடந்தவன் எம் நினைவிற்கு வந்தான். அவன் இறங்குமுன் ஒவ்வொருமுறையும் வேறொருவன் இறங்கிவிட்டான். அவனுக்குப் பின்னேயிருந்து எதிர்த்துக் கூவுவார் எவருமிலர்.

விடியற்காலையில் வரிசையின் முற்பகுதியிற் சிறு கைகலப்பு நிகழ்ந்ததும், காவலர் தலையிட்டு அடக்கியதும் அன்றைய செய்திகளில் வந்தன. யாம் நின்ற இடத்தில் ஆரவாரம் மட்டுமே கேட்டது. எமக்கு நேர்ந்தது வேறு. 6 மணியளவில் வணிகர் வந்தார். தனியே வந்தாரல்லர், இருவரை உடன் அழைத்து வந்தார். மூவரையும் தம்மிடத்தில் விடுமாறும், எவரேனும் வினவினால் உடன்பிறந்தார் என்று கூறுமாறும் அத்தானிடம் தாழ்ந்த குரலில் இந்தியிற் பணித்தார்.

அத்தான் பின்னே திரும்பிப் பார்த்தார். சூரத்து இளைஞர் யாவும் கேட்டுக்கொண்டுதான் நின்றார், ஒன்றும் பேசவில்லை.

“சேட், நான் பிடித்து வைத்தது ஓர் இடம். அதில் ஒருவர்தான் நிற்கலாம்” என்றார் அத்தான்.

“கூலி கொடுப்பவன் நானா, இவர்களா?”

“நீங்கள் கொடுத்தது என் உறக்கத்துக்கு. இவர்கள் உறக்கத்துக்கு இல்லை.”

வணிகர் இடங்கைக் கொண்டது தவறென்று யாம் சொல்லமாட்டோம். அத்தான் விலக அவர் நின்றார். 62 ஆம் எண்ணினர் 62 ஆகவே இருந்தார். எவர்க்கும் ஓரடி குறையவில்லை. மூவர் புகுந்திருப்பின் அவர் 64 ஆவர். அவர்க்குப் பின்னுள்ள ஒவ்வொருவரும் இரண்டிரண்டு இடம் இழப்பர். எனினும், பணமுடையார் மெத்தையில் உறங்க, பணமிலார் அவர்பொருட்டு விழித்திருத்தலை நேர்மை என்று முற்றும் ஒப்புக்கொள்ளவும் எம் மனம் இசையவில்லை. வரிசையில் எல்லாரும் கூலியாள்களாய்விடின் அது வரிசையாகுமோ? பீஜிங் நகரத்தில் நிகழ்ந்தது அதுவன்றோ! அத்தானிடம் இதனைக் கூறினோம். “பந்தல்காரரிடம் சொல்லிப் பார், மாப்பிள்ளை” என்று அவர் சிரித்தார்.

வணிகருடன் வந்த இருவரும் வரிசையின் கடையிடத்தைத் தேடிச் சென்றனர். எஞ்சிய 1,000 ரூபாயை வணிகர் தரவில்லை. சொன்னபடி வேலை முடியவில்லை என்பது அவர் வழக்கு. அத்தான் ஒருமுறை கேட்டார்; இருமுறை கேட்டிலர். சூரத்து இளைஞர் தம் பையைத் தோளிலேற்றிக்கொண்டு, போகுங்கால் எம் இருவரையும் நோக்கிக் கைகூப்பினார். 8 மணிக்குக் கதவு திறந்தது. உள்ளே பணியாளர் கைதட்டி வரவேற்கும் ஒலி கேட்டது. அங்கே விற்கும் கைப்பேசிகளுட் பல ஸ்ரீபெரும்புதூரை அடுத்த தொழிற்சாலைகளில் நம் நாட்டு இளம்பெண்கள் பொருத்தியவை என்று அத்தானிடம் கூறினோம். “அப்படியா? அங்கே நாட்கூலி என்ன?” என்று மட்டும் வினவினார்.

ஆற்றுப் பாலத்தைக் கடந்து இல்லம் சேர்ந்தபோது பந்தல்காரர் திண்ணையில் அமர்ந்திருந்தார். அத்தான் முன்பணமாகப் பெற்ற 1,000 ரூபாயை எண்ணி அவர் கையிற் கொடுத்து, மீதியைச் சனிக்கிழமை பட்டறைக் கூலி வந்தவுடன் தருவதாகக் கூறினார். அவர் வாங்கிக்கொண்டு, அத்தை தந்த காப்பியையும் பருகிவிட்டுச் சென்றார். அத்தான் முகங்கழுவி, வேறு சட்டை அணிந்து, 9 மணிக்குப் பட்டறைக்குப் புறப்பட்டார்.