தறியோசையும் செவித்திறனும்

கண்ணுக்கு இமை உண்டு, செவிக்குக் கதவில்லை. உறங்கும்போதும் அது திறந்தே இருக்கிறது. காட்டில் வாழ்ந்த மனிதனைக் காத்த அத்திறந்த வாயில், இயந்திரங்களுக்கிடையே உழைக்கும் மனிதனுக்கு இடராகிவிட்டது. இயந்திரங்களின் பேரொலி செவியை எவ்வாறு சிதைக்கிறது, அதைத் தடுக்கும் வழிகள் யாவை, அப்பொறுப்பு யாருடையது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

ஓசை நிறைந்த ஊர்கள்

ஈரோடு, பள்ளிபாளையம், குமாரபாளையம், சோமனூர், பல்லடம் ஆகிய ஊர்களின் தெருக்களில் நடப்பவர், துணியைக் காண்பதற்கு முன்பே தறியைக் கேட்பர். விசைத்தறியில் நாடா நிமிடத்திற்கு நூறு முறைக்கு மேல் இருபுறமும் மாறி மாறி எறியப்படுகிறது. ஒரு கோல் அதனை அடித்து விரட்ட, எதிர்முனையிலுள்ள பெட்டி அதனை மோதி நிறுத்துகிறது. ஒவ்வோர் ஊடை இழையையும் பலகை அடித்து நெருக்குகிறது. உலோகப் பற்சக்கரங்கள் ஒன்றோடொன்று உரசுகின்றன. இத்தகைய தறிகள் பல ஒரே கொட்டகையில் ஓடும்போது, கூரையும் சுவர்களும் அவ்வொலியைத் திருப்பி அனுப்பிப் பெருக்குகின்றன. நாடாத்தறிகள் ஓடும் கூடங்களில் ஒலியளவு 90 டெசிபலைக் கடந்து 100 டெசிபலை நெருங்குவது வழக்கம்.

அங்கே பேச்சு பயன்படுவதில்லை. தொழிலாளர் கையசைவாலும் கண்ணசைவாலும் செய்தியைப் பரிமாறிக்கொள்கின்றனர். இங்கிலாந்தின் லங்காசயர் பகுதிப் பருத்தி ஆலைகளில் பணிபுரிந்த நெசவாளரும், உதடுகளை மிகையாக அசைத்துப் பேசும் ஒரு முறையை உருவாக்கிக்கொண்டனர். அதற்கு ‘மீ-மாயிங்’ என்று பெயர். நாடு வேறாயினும் தறியின் ஓசை ஒன்றே. அதன் விளைவும் ஒன்றே.

முன்னோர் தந்த எச்சரிக்கை

பேரொலி செவியைக் கெடுக்கும் என்பது புதிய கண்டுபிடிப்பன்று. தொழில்சார் மருத்துவத்தின் தந்தை எனப் போற்றப்படும் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி, 1713ஆம் ஆண்டில் விரிவாக்கி வெளியிட்ட தம் நூலில் வெனிஸ் நகரச் செம்புக் கொல்லர்களைப் பற்றி எழுதினார். நாள் முழுவதும் செம்பை அடித்து உருவாக்கும் அவர்கள் சிறிது சிறிதாகக் கேள்வித்திறனை இழந்து, முதுமையில் முற்றிலும் செவிடாவதை அவர் பதிவு செய்தார்.

கிளாஸ்கோ நகர மருத்துவர் தாமஸ் பார், 1886ஆம் ஆண்டில் கொதிகலன் செய்யும் தொழிலாளர் 100 பேரை ஆராய்ந்தார். கொதிகலனின் உட்புறத்தில் ஒருவர் அமர்ந்து தறையாணியைத் தாங்கிப் பிடிக்க, வெளியிலிருப்போர் சம்மட்டியால் அடிப்பர். அந்த 100 பேரில் ஒருவருக்குக்கூடச் செவித்திறன் இயல்பாக இல்லை. அதே நகரில் வீதிகளில் நடந்து கடிதம் வழங்கிய அஞ்சற்காரர்களோ பெரும்பாலும் நன்றாகக் கேட்டனர். இருவகைத் தொழிலாளரையும் வேறுபடுத்தியது அவரவர் பணியிடத்தின் ஒலியே.

செவிக்குள் நிகழ்வது

உட்செவியில் நத்தை ஓடு போன்று சுருண்ட ஓர் உறுப்பு உள்ளது. ஏறத்தாழ 15,000 மயிர்ச்செல்கள் அதனுள் வரிசையாக அமைந்துள்ளன. ஒலியலை அங்குள்ள திரவத்தை அசைக்க, அச்செல்களின் நுண்மயிர்கள் வளைந்து நரம்புக்குச் செய்தி அனுப்புகின்றன. காற்றில் நெற்பயிர் சாய்ந்து நிமிர்வதுபோல் அவையும் சாய்ந்து நிமிர்கின்றன. புயல் நாள்தோறும் வீசினால் பயிர் நிமிராது. மயிர்ச்செல்லும் அவ்வாறே மடிகிறது. பயிரையாவது மறுபடி நடலாம்; மனிதச் செவியில் இறந்த மயிர்ச்செல் மீண்டும் முளைப்பதில்லை.

இவ்விழப்பு தொடக்கத்தில் தன்னை மறைத்துக்கொள்கிறது. வேலை முடித்து வெளியே வரும் இளைஞனுக்குக் காது அடைத்ததுபோல் இருக்கும். மெல்லிய ரீங்காரம் கேட்கும். இரவு உறங்கி எழுந்தால் அது தெளிந்துவிடும். ‘பழகிவிட்டது’ என்று அவன் எண்ணிக்கொள்வான். செவி இரைச்சலுக்குப் பழகுவதில்லை. அதனைத் தாங்கித் தாங்கித் தேய்கிறது.

முதலில் மறைவது 4,000 ஹெர்ட்ஸ் அளவையொட்டிய உயர் அதிர்வெண் ஒலிகளைக் கேட்கும் திறன். உயிரொலிகள் தாழ்ந்த அதிர்வெண்ணில் ஒலிப்பதால் அவை தொடர்ந்து கேட்கும். சகரம் போன்ற மெய்யொலிகளே நழுவும். ஆகவே ‘பசி’, ‘படி’, ‘பதி’ ஆகிய சொற்களை வேறுபடுத்தி அறிவது கடினமாகும். பிறர் பேசுவது கேட்கும். என்ன பேசினர் என்பது விளங்காது. ‘மெதுவாகத்தானே பேசுகிறாய், சத்தமாகச் சொல்’ என்பார் தந்தை. சத்தமாகச் சொன்னால் ‘ஏன் கத்துகிறாய்?’ என்பார். பேரக்குழந்தையின் மழலை அவருக்குப் புரியாது. திருமண வீட்டில் நால்வர் கூடிப் பேசுமிடத்தில் பொருள் புரியாமல் சிரித்துவைப்பார். பின்னர் அங்குச் செல்வதையே தவிர்ப்பார். அவரது ஒதுக்கத்தைச் செருக்கு என்றும் மறதி என்றும் உறவினர் தவறாக எண்ணுவர்.

டெசிபல் கணக்கு

டெசிபல் அளவு சாதாரணக் கூட்டல் கணக்கில் அடங்காது. 3 டெசிபல் உயர்ந்தால் ஒலியாற்றல் இருமடங்காகிறது. 10 டெசிபல் உயர்ந்தால் பத்து மடங்காகிறது. ஒரே அளவில் ஒலிக்கும் பத்து இயந்திரங்களுள் ஐந்தை நிறுத்தினாலும் குறைவது 3 டெசிபல் மட்டுமே. 100 டெசிபல் எழுப்பும் இயந்திரத்தை ஓடவிட்டு, அருகில் 90 டெசிபல் எழுப்புவதை நிறுத்தினால் செவிக்கு வேறுபாடே தெரியாது. எனவே, மிகுதியாக ஒலிக்கும் இயந்திரம் எது என்று அளந்து, அதனை முதலில் அடக்க வேண்டும்.

தெரியுமா?
அமெரிக்கத் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு, நலவாழ்வு நிறுவனத்தின் பரிந்துரைப்படி, ஒரு நாளில் 85 டெசிபல் ஒலியை 8 மணி நேரமும், 88 டெசிபலை 4 மணி நேரமும், 91 டெசிபலை 2 மணி நேரமும் கேட்கலாம். 100 டெசிபல் எனில் எல்லை 15 நிமிடமே.

பிறப்பிடத்தில் அடக்குதல்

இரைச்சலைக் குறைக்கச் சிறந்த இடம் அது பிறக்கும் இடமே. தளர்ந்த திருகுகளை இறுக்குதல், தேய்ந்த உறுப்புகளை மாற்றுதல், உரிய காலத்தில் எண்ணெயிடுதல் ஆகியன செலவு குறைந்த வழிகள். உலோகப் பற்சக்கரம் சிலவற்றுக்கு மாற்றாக நைலான் சக்கரம் பொருத்தலாம். மோதும் இடங்களில் தோல் அல்லது ரப்பர் மெத்தை வைக்கலாம். தறியின் கால்களுக்கடியில் ரப்பர் தாங்கிகளை இட்டால் அதிர்வு தரைக்குப் பரவுவது குறையும். நாடா இல்லாத ரேப்பியர் தறியில் நாடாவின் மோதல் இல்லை. ஆயினும் புதிய தறிகள் யாவும் அமைதியானவை அல்ல; காற்றுவீச்சுத் தறியில் காற்றின் சீறலே பெரும் இரைச்சலாகும். இயந்திரம் வாங்குவோர் அதன் வேகத்தைக் கேட்பதுபோலவே ஒலியளவையும் கேட்டறிதல் வேண்டும்.

அடுத்தது, ஒலி வரும் வழியை மறித்தல். கம்ப்ரசர் போன்றவற்றைத் தனியறையில் அடைக்கலாம். அவ்வறையில் சிறு இடைவெளியும் கூடாது; தடுப்பின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலும், சுவர் எவ்வளவு தடித்ததாயினும் 20 டெசிபலுக்கு மேல் குறையாது. கூரையில் ஒலியுறிஞ்சும் பலகைகளைப் பொருத்தினால் எதிரொலி தணியும். பஞ்சுத்தூசி படியும் இடமாதலால் அவை எளிதில் தூய்மை செய்யத்தக்கனவாகவும் தீப்பற்றாதனவாகவும் இருத்தல் வேண்டும். தார் சுற்றுவோரும் பாவு ஓட்டுவோரும் தறியோசைக்குள் அமர வேண்டிய தேவை இல்லை. அவர்களுக்குத் தனியிடம் ஒதுக்கினாலே பல செவிகள் காக்கப்படும்.

செவியடைப்பான்: இறுதி அரண்

மேற்கூறியவற்றைச் செய்தபின் எஞ்சும் இரைச்சலுக்கே செவியடைப்பான் உரியது. வெறும் பஞ்சை அடைப்பதால் பயன் மிகக் குறைவு. நுரை அடைப்பானை விரலால் உருட்டி, மறுகையால் காது மடலை மேலே இழுத்துப் பிடித்துச் செருகி, அது விரியும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். 30 டெசிபல் குறைக்கும் அடைப்பானைப் பணிநேரத்தில் பாதி நேரம் கழற்றிவைத்தால், கிடைக்கும் பாதுகாப்பு ஏறத்தாழ 3 டெசிபல் மட்டுமே. ஆயினும் வியர்வை வழியும் கொட்டகையில் அதனை நாள் முழுவதும் அணிதல் எளிதன்று. தறியின் ஓசை மாறுவதைக் கொண்டே பழுதை உணரும் தொழிலாளிக்கு அது தன் திறமையை மூடுவதாகவும் தோன்றும். அவர் கழற்றுவதைக் குறைகூறி மட்டும் பயனில்லை. இயந்திரத்தை அடக்காமல் அடைப்பானை மட்டும் வழங்குவது, முதலாளியின் கடமையைத் தொழிலாளியின் காதில் ஏற்றுவதாகும்.

சட்டமும் சமூகமும்

8 மணி நேரப் பணிக்கு 90 டெசிபல் என்பது இந்தியத் தொழிற்சாலை விதிமுறைகள் வகுத்த எல்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், இரைச்சலால் நேரும் செவித்திறன் இழப்பை, அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களுள் ஒன்றாகத் தன் மூன்றாம் அட்டவணையில் சேர்த்தது. ஆனால், மின்விசையுடன் 10 பேரேனும் பணிபுரியும் இடமே தொழிற்சாலை என அச்சட்டம் வரையறுத்தது. நான்கைந்து பேர் உழைக்கும் சிறு கொட்டகைகள் பெரும்பாலும் அவ்வெல்லைக்கு வெளியே நின்றன. 12 மணி நேரப் பணிமுறை நிலவும் கொட்டகைகளும் உண்டு. அங்கே செவி ஓய்வு பெறும் நேரமும் குறைகிறது.

பணியில் சேரும் நாளிலேயே செவித்திறனை அளந்து பதிவு செய்து, ஆண்டுதோறும் மீண்டும் அளந்தால், 4,000 ஹெர்ட்ஸில் தோன்றும் முதல் சரிவைத் தொழிலாளி உணர்வதற்கு முன்பே கண்டறியலாம். இழந்ததை மீட்க இயலாது. எஞ்சியதைக் காக்க இயலும்.

கேட்டறியும் அறிவைக் ‘கேள்வி’ என்றழைத்துப் போற்றியது தமிழ் மரபு. அந்தச் செல்வத்தைக் கூலிக்கு ஈடாகத் தர வேண்டிய கட்டாயம் எத்தொழிலாளிக்கும் நேரலாகாது. இன்றைய மாணவர் நாளை பொறியாளராகவோ தறி உரிமையாளராகவோ தொழிற்சாலை ஆய்வாளராகவோ ஆகலாம். ஒரு கூடத்திற்குள் நுழையும்போது, அருகில் நிற்பவரிடம் இயல்பான குரலில் பேச இயலுகிறதா என்பதை அவர் முதலில் சோதித்துப் பார்க்கட்டும். இயலாதெனில், அங்கே சீர்செய்ய வேண்டியது இயந்திரத்தையே.