யாரு வீட்டுப் பிள்ள?

லண்டனில் நான் போன முதல் நடன வகுப்பில் ஆசிரியர் இரண்டே கேள்விகள்தான் கேட்டார். இன்னிக்கு முதல் தடவையா வந்தவங்க யாரு? யாருக்காவது முட்டியில, முதுகுல வலி இருக்கா? ஏழெட்டுப் பேர் கை தூக்கினோம். தலையை ஆட்டிவிட்டுப் பாட்டைப் போட்டுவிட்டார். பெயரைக்கூடக் கேட்கவில்லை.

நான் மூன்றாவது கேள்விக்காகக் காத்திருந்தேன். ஒன்றரை மணி நேரம் ஆடி முடித்து, எல்லோரும் கைதட்டிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்வரை அது வரவில்லை. எங்கள் ஊரில் அதுதான் முதல் கேள்வி. "யாரு வீட்டுப் பிள்ள நீ?"

எனக்கு ஊர் சிவகாசி. அப்பா பிரஸ்ஸில் காலண்டர் அச்சடிக்கும் மெஷினில் நின்றார். அம்மா ஃபயர் ஆபீஸில் சரம் பின்னினாள். பட்டாசுத் தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். தீப்பெட்டி ஆபீஸ், ஃபயர் ஆபீஸ். வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். ஆபீஸுக்குப் போகிற அம்மாவுக்குச் சாயந்திரம் விரல் நுனியெல்லாம் வெள்ளி நிறத்தில் மின்னும். அலுமினியப் பொடி. சோப்புப் போட்டாலும் லேசில் போகாது.

மருந்து இருக்கிற இடத்தில் எதையும் தரையில் தேய்த்து இழுக்கக் கூடாது, ஓடக் கூடாது, எதையும் தட்டக் கூடாது. "உராய்வு காரணமாக வெடி விபத்து" என்று பேப்பரில் வரும் வரியைப் படித்தே வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். அம்மா அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டாள். நான் வாசலில் குதித்தால், "கால அடக்கி வை" என்பாள். பாத்திரத்தைக் கூடச் சத்தம் வராமல்தான் வைப்பாள்.

பங்குனிப் பொங்கல் வந்தால் மட்டும் எங்கள் தெருக்களில் பெண்களுக்குக் காலை அடக்கி வைக்க வேண்டியதில்லை. முளைப்பாரி போட்ட நாளிலிருந்து தினமும் ராத்திரி கும்மி. நடுவில் ஒன்றை வைத்துவிட்டு வட்டமாகச் சுற்றுவார்கள். பாட்டி இருப்பாள், புதுசாகக் கல்யாணமாகி வந்த மதினி இருப்பாள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இருப்பார்கள். யாரும் யாருக்கும் சொல்லித்தருவதில்லை. முன்னால் போகிறவளின் முதுகையும் கையையும் பார்த்துக்கொண்டே நாலு சுற்று வந்தால் கால் பிடித்துக்கொள்ளும்.

எனக்குப் பதினோரு வயது. எங்கள் தெருக் கும்மி முடிந்துவிட்டது. இரண்டு தெரு தள்ளி இன்னும் குலவைச் சத்தம் கேட்டது. போனேன். வட்டத்தில் ஒரு இடைவெளி தெரிந்தது, நுழைந்துவிட்டேன். அவர்கள் அடி வேறு மாதிரி. எங்களைவிட ஒரு தட்டு அதிகம், குனிந்து எழும்போது அரைச்சுற்றுத் திரும்புவார்கள். மூன்றாவது சுற்றில் எனக்கு அது வந்துவிட்டது. அந்தச் சந்தோஷம் இன்னும் உடம்பில் இருக்கிறது. அப்போதுதான் பக்கத்தில் இருந்த ஆச்சி கேட்டாள், "யாரு வீட்டுப் பிள்ள நீ?"

சொன்னேன். அப்பா பெயரை, தெருப் பெயரை. எங்கள் ஊரில் தெருப் பெயரைச் சொன்னால் சாதியைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கைதட்டு நிற்கவில்லை, யாரும் திட்டவுமில்லை. என் இரண்டு பக்கமும் இருந்தவர்கள் கொஞ்சம் தள்ளிப்போனார்கள். ஒரு அக்கா என் கையைப் பிடித்து, மென்மையாகத்தான், வெளியே கூட்டிவந்து விட்டாள். "வீட்டுக்குப் போத்தா, நேரமாச்சு." அன்று ராத்திரி அம்மாவிடம் அடி வாங்கினேன். ஏன் போனாய் என்று அவள் கேட்டாள். ஏன் வெளியே விட்டார்கள் என்று நான் கேட்டேன். இரண்டுக்கும் பதில் இல்லை.

அப்புறம் நடனம் என்றால் டவுனில் பரதநாட்டிய வகுப்புதான். விஜயதசமியன்று சேர வேண்டும், வருஷக்கணக்கில் போக வேண்டும், சலங்கை பூஜை, அப்புறம் அரங்கேற்றம், அதற்கு மேளம், உடுப்பு, மண்டபம். அப்பா கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் கணக்கு டியூஷனில் சேர்த்துவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தக் கணக்கால்தான் சென்னையில் சாஃப்ட்வேர் வேலை கிடைத்தது, இருபத்தெட்டு வயதில் மூன்று மாதம் லண்டனுக்கு ஆன்சைட் அனுப்பினார்கள்.

ஊரைவிட்டுப் போய்க் கற்றுக்கொண்டு வருவது சிவகாசிக்குப் புதிதில்லை. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு வந்ததில்தான் இந்த ஊரின் தொழிலே தொடங்கியது. நடனத்திலும் அப்படி ஒரு கதை உண்டு. ருக்மிணி தேவி 1928இல் பம்பாயில் அன்னா பாவ்லோவாவின் ஆட்டத்தைப் பார்த்தார். பிறகு ஆஸ்திரேலியா போன கப்பலில் இருவரும் சேர்ந்தே பயணம் செய்ய நேர்ந்தது. பாவ்லோவா குழுவில் இருந்த கிளியோ நார்டியிடம் ருக்மிணி தேவி பாலே கற்றார். நம் ஊரில் பரதநாட்டியத்தின் போக்கையே மாற்றிய பெண்ணின் முதல் நடனப் பாடம், பயணத்தில் கிடைத்த வெளிநாட்டு நடனம். இதையெல்லாம் தெரிந்துகொண்டு நான் லண்டன் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை அறையில் தனியாக இருக்க முடியாமல்தான் வகுப்புத் தேடினேன்.

அங்கே டிராப் இன் வகுப்பு என்று ஒன்று இருக்கிறது. சேர்க்கை கிடையாது, பருவம் கிடையாது. அன்றைய வகுப்புக்குக் காசு கட்டு, ஆடு, போ. கோவென்ட் கார்டனில் பைனாப்பிள் என்றொரு ஸ்டுடியோ. டெபி மூர் 1979இல் தொடங்கியது. அந்தக் கட்டிடம் முன்னால் அன்னாசிப்பழக் கிடங்காக இருந்ததால் அந்தப் பெயர். நியூயார்க்கில் அதே 1979இல் ஸ்டெப்ஸ், 1984இல் பிராட்வே டான்ஸ் சென்டர். மேடையில் ஆடுகிறவர்கள் வேலை இல்லாத நாளிலும் உடம்பைத் தயாராக வைத்திருக்க இப்படிப்பட்ட வகுப்புகள் வேண்டும். அவர்களுக்காகத் திறந்த கதவில் என்னைப் போன்றவர்களும் நுழைந்துகொள்கிறோம்.

நல்ல வகுப்பைக் கண்டுபிடிக்க நான் நிறையத் தப்பு செய்தேன். பிகினர் என்று போட்டிருந்ததை நம்பி ஒரு பாலே வகுப்புக்குப் போய்விட்டேன். அங்கே பிகினர் என்றால் ஒன்றிரண்டு வருஷம் கற்றவர். ஒன்றுமே தெரியாதவருக்கு "அப்சல்யூட் பிகினர்" என்று தனியாக இருக்கும். "ஓபன்" என்றால் எல்லோரும் வரலாம் என்று அர்த்தம், மெதுவாகச் சொல்லித்தருவார்கள் என்று அர்த்தம் இல்லை. கடைசி வரிசையில் ஒளிந்துகொள்வதும் தப்பு. திரும்பி ஆடச் சொல்லும்போது கடைசி வரிசைதான் முதல் வரிசை. நடுவில் நின்றால் எந்தப் பக்கம் திரும்பினாலும் பார்த்து ஆட ஒரு முதுகு கிடைக்கும். இது கும்மியிலேயே எனக்குத் தெரிந்த விஷயம், மறந்துபோயிருந்தேன்.

இன்னொன்று, தரை. நல்ல ஸ்டுடியோவில் மரத்தரை லேசாகத் துள்ளிக் கொடுக்கும். சிமெண்டில் குதித்தால் அடி முழுவதும் முட்டிக்குத்தான். வெளியே போட்ட செருப்போடு உள்ளே விடுகிற இடத்தைவிட, வாசலிலேயே கழற்றச் சொல்கிற இடம் நல்ல இடம். எல்லாவற்றையும்விட நம்பகமான வழி, பிடித்த ஆசிரியரிடமே கேட்பது. "அடுத்த வாரம் வேறு ஊரில் இருப்பேன், அங்கே யாரிடம் போகலாம்?" என்று கேட்டால் பெயர் சொல்லிவிடுவார்கள். ஆடுகிறவர்களின் ஊர் ரொம்பச் சின்னது.

சல்சாவுக்குப் போனதுதான் பெரிய விஷயம். ராத்திரி ஆட்டம் தொடங்கும் முன் ஒரு மணி நேரம் பாடம் இருக்கும். இரண்டு வட்டமாக நிற்க வேண்டும். சில நிமிடத்துக்கு ஒரு முறை ஆசிரியர் கைதட்டுவார், ஜோடி மாறிவிடும். தெரியாத ஆணின் கையைப் பிடிக்க வேண்டும். முதல் கை நீண்டபோது என் கை வேர்த்து ஊற்றியது. "ஹலோ" என்றார், ஆடினோம், கைதட்டு, அடுத்தவர். அந்த ஒரு மணி நேரத்தில் பதினைந்து பேர் என் கையைப் பிடித்திருப்பார்கள். ஒருவர்கூடக் கையை இழுத்துக்கொள்ளவில்லை. பேருந்தில் திரும்பும்போது என் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஏன் என்று பக்கத்து சீட்டுக்காரருக்குத் தெரிந்திருக்காது.

இப்படி ஒரு இடம் தானாக வந்துவிடாது என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். நியூயார்க்கின் ஹார்லெமில் 1926இல் சவாய் பால்ரூம் திறந்தார்கள். கறுப்பர்களை உள்ளே விடாத நடனக் கூடங்கள் இருந்த காலத்தில், கறுப்பர், வெள்ளையர் இருவரும் ஒரே தரையில் ஆடிய இடம் அது. லிண்டி ஹாப் வளர்ந்தது அங்கேதான். 1958இல் மூடிவிட்டார்கள். அங்கே ஆடிப் பெயர் வாங்கிய ஃபிராங்கி மேனிங் தபால் துறை வேலைக்குப் போய்விட்டார். 1980களில் இளைஞர்கள் அவரைத் தேடிக் கண்டுபிடித்து மறுபடி சொல்லித்தரச் சொன்னார்கள். அதற்குப் பிறகு அவர் சாகும்வரை ஊர் ஊராகப் போய்க் கற்றுத்தந்தார். வட்டத்தில் யார் நிற்கலாம் என்பது அங்கேயும் ஒரு காலத்தில் கேட்கப்பட்ட கேள்விதான்.

ஒருநாள் அம்மாவிடம் போனில் சொன்னேன். ஆட்டம் கற்கப் போகிறேன் என்றதும் திட்டுவாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

"அங்க உன்ன யாரு வீட்டுப் பிள்ளன்னு கேக்கலயா?"

"கேக்கலம்மா."

"வேற என்னதான் கேட்டாக?"

"காசு கேட்டாக."

சிரித்துவிட்டாள். எவ்வளவு என்றாள். குறைத்துச் சொன்னேன். ஒரு வகுப்புக்கு நான் கட்டியது அவளுடைய நாலு நாள் கூலி. அந்த வாசலிலும் ஒரு காவல் இருக்கிறது, எனக்குச் சம்பளம் வருவதால் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது மாதம் கணுக்கால் பிசகிவிட்டது. மூன்று வாரம் போகவில்லை. திரும்பிப் போன அன்று, வழக்கமாக நான் நிற்கும் இடத்தில் வேறொரு பெண் நின்றாள். ஆசிரியர் எல்லோரையும் பார்த்து, "இன்னிக்கு முதல் தடவையா வந்தவங்க யாரு?" என்றார். என்னைப் பார்த்தும்தான் கேட்டார். அவர் மேல் குறை இல்லை, வாரத்துக்கு எத்தனை முகம் பார்ப்பார். கேள்வி கேட்காமல் உள்ளே விட்ட இடம், நான் வராததையும் கேட்கவில்லை. அன்று ஏனோ கையைத் தூக்கிவிட்டேன்.

போன பங்குனிக்கு ஊருக்குப் போயிருந்தேன். சாத்தூர்ப் பக்கம் ஒரு ஊரில் ஒயிலாட்டம் பழகுகிறார்கள், பெண்களும் ஆடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஸ்கூட்டியில் கிளம்பினேன். முன்னெல்லாம் ஆண்கள் மட்டும் வரிசை கட்டி, கையில் துணி வைத்து ஆடியது. கோயில் முன் திடலில் டியூப்லைட் வெளிச்சத்தில் இருபது பேர் இருந்தார்கள். வாத்தியாருக்கு அறுபது வயதிருக்கும். "ஒரு நாள் மட்டும் கத்துக்கிடலாமாய்யா?" என்றேன்.

"யாரு வீட்டுப் பிள்ளம்மா நீ?"

பதினோரு வயது வயிற்றில் புரண்டது. அப்பா பெயரைச் சொன்னேன், அவர் வேலை பார்த்த பிரஸ்ஸைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அட, அவரு மகளா! எங்க கோயில் நோட்டீஸ் அடிக்கப் போறப்பல்லாம் டீ வாங்கித் தருவாரே. வா தாயி, கடைசியில நில்லு." தோளில் கிடந்த சிவப்புத் துண்டை எடுத்து என் கையில் கொடுத்தார்.

ஆடினேன். கட்டாந்தரை, முட்டி இரண்டு நாள் வலித்தது. அதே கேள்விதான் இந்த முறை என்னை உள்ளே விட்டது. அப்பாவுக்கு அவரைத் தெரிந்திருந்ததால் தெருப் பெயர் வரை போகவில்லை. போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வண்டியில் திரும்பும்போது யோசித்தேன். திடலின் ஓரத்தில் இரண்டு சிறுமிகள் சைக்கிளைப் பிடித்தபடி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் ஏன் உள்ளே வரவில்லை என்று நான் கேட்காமல் வந்துவிட்டேன். அது இப்போதும் உறுத்துகிறது.

சென்னைக்கு வந்து பத்து நாள் இருக்கும். அம்மா போன் செய்தாள். ஒயிலாட்ட வாத்தியார் அப்பாவைக் கூப்பிட்டிருக்கிறார்.

"பிள்ள ஏன் வரலன்னு கேக்காரு."

"ஒரு நாள்தான்னு சொல்லிட்டுத்தானம்மா வந்தேன்."

"அதெல்லாம் அவருக்குத் தெரியல. துண்டையும் கொண்டுட்டுப் போய்ட்டியாம்."

பையைத் திறந்து பார்த்தேன். இருந்தது. அடுத்த மாதம் கொடுக்கப் போக வேண்டும். அந்தச் சைக்கிள் பிள்ளைகள் அப்போதும் நின்றால், அவர்களைக் கூப்பிட்டு என் பக்கத்தில் நிறுத்தலாம் என்றிருக்கிறேன். யாரு வீட்டுப் பிள்ளைகள் என்று வாத்தியார் கேட்பார். என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.