மியாட்டாவும் ஒரு 21 எம்.எம். போல்ட்டும்

எங்க வீட்டு மியாட்டாவுக்கு தங்கமணி வெச்ச பேரு தவளை. ஹெட்லைட் சுவிட்சைத் தட்டினா மூடியிருக்கற ரெண்டு கண்ணும் பொசுக்குனு மேல எந்திரிக்கும், அதனால. 1990 மாடல் மஸ்டா எம்எக்ஸ்-5 மியாட்டா. ரெண்டே சீட்டு, துணிக்கூரை, 1.6 லிட்டர் எஞ்சின், 116 குதிரை சக்தி. ஸ்போர்ட்ஸ் கார்னு நான் சொன்னா ஆபீஸ்ல சிரிக்கறாங்க. சிரிக்கட்டும். இந்த வண்டி மொத்தமே ஒரு டன்னுக்குக் கிட்டக்கதான் எடை. கியரை மணிக்கட்டாலயே மாத்தலாம். 1989 பிப்ரவரியில சிகாகோ ஆட்டோ ஷோவுல முதல்முறையா காட்டினாங்க. அதுக்கப்புறம்தான் மத்த கம்பெனிகளும் மறந்து போயிருந்த இந்த சின்ன ஓப்பன் கார் பக்கம் திரும்பிப் பார்த்தாங்க.

நான் வாங்கினது 2013ல, இங்க நியூஜெர்சியில. பொட்டி தட்டற பொழப்புல நாள் பூரா கண்ணுக்குத் தெரியாத பூச்சியைத் தேடறவனுக்கு, கையில கிரீஸ் ஒட்டற வேலை ஒண்ணு வேணும்னு தோணுச்சு. அதுல ஒரு கர்வமும் வந்துருச்சு. பத்து வருஷமா இந்த வண்டியில வேற யாரையும் கை வைக்க விட்டதில்ல.

விஷயம் நடந்தது 2023 மே மாசம். பொண்ணுக்கு 17 முடிஞ்சு லைசென்ஸ் வந்து ரெண்டு வாரம். கிளட்ச், கியர் எல்லாம் இந்த வண்டியிலதான் கத்துக்கிட்டா. ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தவ சாவியை மேசை மேல வெச்சுட்டு அப்படியே நின்னா. மூஞ்சி வெளுத்திருந்துச்சு.

"அப்பா, ராம்ப்ல ஏறி ஹைவேக்குள்ள போறப்போ ஃபுல்லா மிதிச்சேன். வண்டி போகவே இல்ல. பின்னாடி பெரிய ட்ரக்கு. ஹார்ன் அடிச்சுட்டே வந்தான்."

நான் கேட்டிருக்க வேண்டியது, "உனக்கு ஒண்ணும் ஆகலயேம்மா?" நான் சொன்னது என்ன தெரியுமா? "மூணாவதுக்கு பதிலா அஞ்சாவது கியர்ல போட்டிருப்ப."

அவ ஒண்ணும் பேசாம மேல போயிட்டா.

மறுநாள் நானே எடுத்துட்டுப் போனேன். ஐடிலிங் சரியா 850லயே நிக்குது. செக் எஞ்சின் லைட் எரியல. உதறல் இல்ல, புகை இல்ல. ஆனா 3000க்குக் கீழ மிதிச்சா ஏதோ பின்னாடி ரெண்டு மூட்டை அரிசியைக் கட்டி இழுக்கற மாதிரி ஒரு சோம்பல். சரி, கியர் பிரச்சினை இல்ல. அதை மகள்கிட்ட போய்ச் சொன்னேனா? சொல்லல. கண்டுபிடிச்சு சரி பண்ணிட்டு சேர்த்துச் சொல்லிக்கலாம்னு இருந்துட்டேன்.

அடுத்த மூணு சனிக்கிழமை கராஜ்லதான் குடியிருந்தேன். இந்த வண்டிக்குன்னு ஊரறிஞ்ச வியாதிகள் சிலது உண்டு. ப்ளக் வயர் பழசானா ஸ்பார்க் ஒழுகும். எஞ்சினுக்குப் பின்னாடி, கைக்கு எட்டாத எடத்துல, காயில் பேக். அதுல ரெண்டு காயில், ஒண்ணாவது நாலாவது சிலிண்டருக்கு ஒண்ணு, ரெண்டாவது மூணாவதுக்கு இன்னொண்ணு. அப்புறம் ஏர்ஃப்ளோ மீட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவுல போற ரப்பர் குழாய். அதுல விரிசல் விழுந்தா மீட்டர் கணக்குல வராத காத்து உள்ள போகும், எஞ்சினுக்குப் பெட்ரோல் பத்தாது. என் குழாயோட மடிப்புல நெசமாவே ஒரு விரிசல் இருந்துச்சு! அன்னிக்கு நான் ஆடின ஆட்டத்தைப் பார்க்கணுமே. புதுக்குழாய் மாட்டி ஓட்டிப் பார்த்தா... கொஞ்சம் பரவாயில்லையோனு ஒரு பிரமை. அவ்ளோதான். வயர், ப்ளக், பெட்ரோல் ஃபில்டர் எல்லாம் மாத்தினேன். காசுதான் போச்சு.

கம்ப்ரஷன் பார்த்தேன். நாலு சிலிண்டரும் 155க்கும் 160க்கும் நடுவுல. புதுசுல கிட்டத்தட்ட 190 இருக்கணும். ஆனா நாலும் ஒண்ணுபோல இருக்கே, 33 வருஷக் கெழவிக்கு இது போதும்னு நோட்டுல எழுதி மூடிட்டேன். ஒண்ணு மட்டும் கொறஞ்சா அந்த சிலிண்டர் மேல சந்தேகப்படலாம். நாலும் சேர்ந்தாப்புல கொறஞ்சா நாலுக்கும் பொதுவான ஏதோ ஒண்ணு மேல சந்தேகப்படணும். எனக்கு உறைக்கல.

கடைசியா டைமிங் லைட். டயக்னாசிஸ் பெட்டியில ரெண்டு முனையை வயரால இணைச்சுட்டு, ஒண்ணாவது ப்ளக் வயர்ல கிளிப்பை மாட்டி, முன்னாடி க்ராங்க் புல்லி மேல லைட்டை அடிச்சா, புல்லியில இருக்கற குறி 10 டிகிரி கோட்டுக்கு நேரா நிக்கணும். நின்னுச்சு. லேசா நடுங்குச்சு, அது லைட் பழசுனு விட்டுட்டேன். டைமிங் சரி, கம்ப்ரஷன் சரி, ஸ்பார்க் சரி, பெட்ரோல் சரி. வண்டி மட்டும் சரியில்ல.

அன்னிக்கு ராத்திரி கோயம்புத்தூர்ல இருந்து தங்கமணியோட அண்ணன் பேசினார். முப்பது வருஷமா லேத் பட்டறை வெச்சிருக்கவர். மியாட்டாவைக் கண்ணால பார்த்தது கூட இல்ல. முழுக்கதையும் கேட்டுட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஏனுங்க மாப்ள, புல்லி மேல இருக்கற குறியை வெச்சு எல்லாம் சரிங்கறீங்க. அந்தப் புல்லி இருக்க வேண்டிய எடத்துலதான் இருக்குதுன்னு எப்படித் தெரியும்?"

"அது க்ராங்க்ல கீ போட்டு மாட்டியிருக்கு மச்சான். எப்படி நகரும்?"

"கீ போட்டதெல்லாம் நகராதுன்னா எனக்குப் பட்டறைல சோறு ஏதுங்க?"

மறுநாள் காலையில முதல் ப்ளக்கைக் கழட்டி, ஓட்டையில நீள ஸ்க்ரூடிரைவர் ஒண்ணை பிஸ்டன் மேல நிக்க வெச்சு, எஞ்சினைக் கையால மெதுவா சுத்தினேன். பிஸ்டன் உச்சிக்கு வந்ததும் கொஞ்ச நேரம் அசையாம நிக்கற மாதிரி இருக்கும். அதனால ஏறி நிக்கற எடத்தையும் எறங்க ஆரம்பிக்கற எடத்தையும் குறிச்சு நடுவை எடுக்கணும். எடுத்தேன். பிஸ்டன் உச்சியில இருக்கு. புல்லியோட குறி உச்சிக்கோட்டுக்கு வந்து சேரவே இல்ல. ஏறக்குறைய 10 டிகிரி பின்னாடி நிக்குது.

வயித்துக்குள்ள ஜிலீர்னுச்சு. குனிஞ்சு புல்லியோட முகத்துல இருக்கற வெட்டுகளை எண்ணினேன். நாலு.

இந்த வண்டி வெச்சிருக்கவங்களுக்கு நாலுன்னா என்னனு தெரியும். 1990லயும் 91 ஆரம்பத்துலயும் வந்த எஞ்சின்ல க்ராங்க் ஷாஃப்டோட மூக்கு குட்டை. பின்னாடி நீளமாக்கிட்டாங்க, அந்தப் புல்லியில எட்டு வெட்டு. குட்டை மூக்குல புல்லியையும் டைமிங் பெல்ட்டோட பல்சக்கரத்தையும் அழுத்திப் பிடிக்கறது நடுவுல இருக்கற ஒரு 21 எம்.எம். போல்ட். அரை நிலா மாதிரி சின்ன இரும்புத் துண்டு, அந்தக் கீ, சக்கரத்தை சரியான எடத்துல நிறுத்தத்தான். பாரத்தைத் தாங்க வேண்டியது போல்ட்டோட அழுத்தம். போல்ட் கொஞ்சம் தளர்ந்தா பாரமெல்லாம் கீ மேல விழும். கீ காடிக்குள்ள ஆடும், ஆடி ஆடி காடியையே அகலமாக்கும். பல்சக்கரம் பின்வாங்கினா கேம் ஷாஃப்ட் பின்வாங்கும். வால்வு லேட்டா மூடும், நாலு சிலிண்டர்லயும் கம்ப்ரஷன் ஒண்ணுபோல கொறையும். ஸ்பார்க் நேரத்தைச் சொல்ற சென்சாரும் கேம் ஷாஃப்ட்லதான் ஓடுது, அதுவும் பின்வாங்கும். குறி இருக்கற புல்லியும் அதே கீயில்தான், அதுவும் கூடவே பின்வாங்கும். டைமிங் லைட்டுல பார்த்தா எல்லாம் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகும். திருடன்கிட்டயே சாட்சி கேட்ட கதைதான்.

சரி, போல்ட் ஏன் தளர்ந்துச்சு? இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கங்க.

2021 அக்டோபர். 60,000 மைலுக்கு ஒருதடவை மாத்த வேண்டிய டைமிங் பெல்ட்டை நானே மாத்தினேன். பெருமையா போட்டோ எல்லாம் எடுத்தேன். என்கிட்ட அப்ப இருந்த டார்க் ரெஞ்ச் சின்னது. இந்த போல்ட்டுக்கு 80லிருந்து 87 அடி-பவுண்டு வேணும், அது அவ்வளவு எட்டாது. பெருசு ஒண்ணு வாங்கிட்டு வந்துருக்கலாம், கடை பத்து நிமிஷத் தூரம். நேரம் ராத்திரி ஒம்பது. நீள பைப்பை ஸ்பேனர்ல சொருகி கைக்கணக்கா முடுக்கினேன். பழைய போல்ட்டேதான்.

இன்னொண்ணும் இருக்கு. இதை எழுதறதா வேணாமானு ரெண்டு நாள் யோசிச்சேன். பல்சக்கரத்தை மாட்டறப்போ கையால அசைச்சுப் பார்த்தேன். லேசா ஆடுச்சு. ஒரு மயிரிழை. போல்ட் முடுக்கினா நின்னுரும்னு விட்டுட்டேன். தெரியாம நடந்ததுன்னா சமாதானம் சொல்லிக்கலாம். நான் பார்த்தேன்.

முன்பக்கத்தைப் பிரிச்சப்போ அந்த போல்ட் சண்டை போடாமலே வந்துச்சு. கீயில படிக்கட்டு மாதிரி ஒரு வெட்டு. காடியோட ஒரு பக்கச் சுவர் சரிஞ்சு கெடந்துச்சு. அதிர்ஷ்டம் என்னன்னா, இந்த எஞ்சின்ல டைமிங் முழுசா தவறினாலும் பிஸ்டனும் வால்வும் மோதிக்காது. எஞ்சின் பொழைச்சிருக்கும். ஆனா ராம்ப்ல, ட்ரக்குக்கு முன்னாடி நின்னு போயிருந்தா... எஞ்சினைப் பத்தியா யோசிச்சிருப்பேன்?

மேல போய் அவ ரூம் கதவைத் தட்டினேன். கீயைக் கையில வெச்சிருந்தேன். எல்லாத்தையும் சொன்னேன், அந்த மயிரிழை உட்பட. அவ கீயை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தா.

"ஸோ, நான் மூணாவதுலதான் இருந்தேன்."

"ஆமாம்மா. மூணாவதுலதான் இருந்த."

"ஓகே." கொஞ்ச நேரம் கழிச்சு, "நான் ஹெல்ப் பண்ணலாமா?"

முறையா செய்யணும்னா எஞ்சினை எறக்கி க்ராங்கையே மாத்தணும். அந்தச் செலவுக்கு இன்னொரு பழைய எஞ்சினே வாங்கலாம். இன்னொரு வழி, பல பேர் செஞ்சு வருஷக்கணக்கா ஓட்டற வழி: லாக்டைட் 660னு உலோகத் தேய்மானத்தை நிரப்பற பசை. புதுக் கீ, புதுப் பல்சக்கரம், புது போல்ட் வாங்கினேன். காடியை எண்ணெய்ப் பிசுக்கு இல்லாம தொடைச்சு, தேயாத சுவரோட கீயை ஒட்டி நிறுத்தி, தேஞ்ச பக்கம் பசையை நிரப்பினோம். ஸ்க்ரூடிரைவரை மறுபடி விட்டு உச்சி பார்த்தோம். குறி கோட்டுல உக்காந்துச்சு.

போல்ட்டை முடுக்கறப்போ க்ராங்க் சுத்தாம இருக்க ஒரு வழி, வண்டியை டாப் கியர்ல போட்டு பிரேக்கை அமுக்கிப் பிடிக்கறது. அவ உள்ள உக்காந்து மிதிச்சா. நான் புது டார்க் ரெஞ்சோட கீழ படுத்திருந்தேன்.

"அப்பா, இப்ப அஞ்சாவது கியர்லதான் போட்டிருக்கேன். பரவாயில்லையா?" :-)

என்ன பதில் சொல்ல? 85ல வெச்சு இழுத்தேன், கிளிக்குனு சத்தம் வந்துச்சு. பசை இறுக ஒரு நாள் முழுசா விட்டோம்.

மறுநாள் அவதான் ஓட்டினா, அதே ராம்ப். நான் பக்கத்து சீட்டுல கதவுப் பிடியைக் கெட்டியா புடிச்சுக்கிட்டேன். மூணாவது கியர்ல மிதிச்சதும் முதுகு சீட்டுல அழுந்துச்சு. வீட்டுக்கு வந்ததும் கம்ப்ரஷன் பார்த்தோம், நாலும் 180ஐ ஒட்டி.

இது எத்தனை நாள் தாங்கும்னு நான் யாருக்கும் எழுதித் தர மாட்டேன். அதனால போல்ட் தலையிலிருந்து புல்லி வரைக்கும் குறுக்க ஒரு கோடு போட்டு வெச்சிருக்கோம், போல்ட் அசைஞ்சா கோடு ஒடையும். பெயிண்ட் கெடைக்கலன்னு அவளோட பச்சை நெய்ல் பாலிஷ்ல போட்டா. வீட்டுக்கு வர்றப்பல்லாம் சாப்பிடறதுக்கு முன்னாடி டார்ச்சை எடுத்துக்கிட்டு நேரா கராஜுக்குத்தான் போறா. போன தடவையும் பார்த்துட்டு வந்தா. கோடு ஒடையல.